கலம்: ஒரு சொல்லின் பல பொருளும் நம் மக்களின் வரலாறும்

கலம் என்பது மூன்றெழுத்துச் சொல். உண்ணும் தட்டும் கலம். தண்ணீர் முகக்கும் பானையும் கலம். களத்துமேட்டில் நெல்லை அளந்த பேரளவும் கலம். கடலைக் கடந்து சென்ற கப்பலும் கலம். கழுத்தில் அணியும் நகையும் கலம். போரில் ஏந்தும் வாளும் படைக்கலம். பாணன் தோளில் சுமந்த யாழும் கலம். உழவனும் மாலுமியும் ஒரே சொல்லைத் தத்தம் தொழிலுக்கு உரிமை கொண்டாடும் இத்தகைய சொற்கள் தமிழில் மிகச் சிலவே.

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லும், செப்பேடுகள் சொல்லும். ஏர் பிடித்தவன், நாற்று நட்டவள், துடுப்பு வலித்தவன், மூட்டை சுமந்தவன் ஆகியோரின் வரலாற்றை யார் சொல்லுவார்? அவர்களுக்குச் செப்பேடு வெட்டித் தந்தார் எவருமிலர். ஆயினும் அவர்கள் நாள்தோறும் புழங்கிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அச்சொற்களுள் ஒன்றை எடுத்து, அது எங்கே பிறந்தது, எவ்வெவ்வாறு வளர்ந்தது, யார் கையில் இருந்தது, யார் கைக்கு எட்டாமல் போனது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்விக் கழகம் தன் வெள்ளிவிழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், இளைஞர்கள் ஒரு சொல்லை இவ்வாறு ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையன்று என்பது என் துணிபு.

மண்ணில் பிறந்த சொல்

கலம் என்பதன் அடிப்படைக் கருத்து, உள்ளே வெற்றிடம் கொண்டு ஒன்றை ஏற்றுத் தாங்கும் பொருள் என்பதே. மலையாளத்திலும் கலம் என்றால் பானைதான். கலசம் என்னும் வடசொல்லோடு இதனை ஒப்பிடுவாரும் உளர்.

சங்கப் பாடல்களில் குயவன், கலம் செய்யும் தலைவன் என்றே அழைக்கப்படுகிறான். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை வழியிலே இழந்த பெண்ணொருத்தி அக்குயவனை நோக்கி, இறந்தவனுக்காக நீ வனையும் தாழியைச் சற்றே அகலமாக வனைவாயாக, அதில் எனக்கும் இடம் வேண்டும் என்று இரக்கிறாள். பிறந்தபோது நீராட்டும் கலத்தில் தொடங்கிய வாழ்வு, இறந்தபின் புதைக்கும் கலத்தில் முடிந்த காலம் அது.

திருவள்ளுவரும் இச்சொல்லைப் பல பொருளில் ஆள்கிறார். வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத பச்சை மண் கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்கிறார் 660ஆம் குறளில். பண்பற்றவன் பெற்ற செல்வம், கலத்தின் தீமையால் திரிந்துபோன நல்ல பாலைப் போன்றது என்பது 1000ஆம் குறள். இவ்விரண்டிலும் கலம் பாத்திரமாகும். 60ஆம் குறளிலோ, இல்லறத்தின் நல்ல அணிகலன் நன்மக்களைப் பெறுதலே என்கிறார். அங்கே கலம் நகையாகும். ஆனால் கப்பலைச் சொல்லவேண்டிய 496ஆம் குறளில் அவர் நாவாய் என்னும் சொல்லையே எடுக்கிறார்.

நகைக்கும் பானைக்கும் என்ன உறவு என்று மாணவர் கேட்பதுண்டு. கைவினையால் செய்து முடிக்கப்பெற்று, மனிதனுக்குப் பயன்படும் கருவி எதுவாயினும் அது கலம் என்று பொருள் விரிந்தது எனக் கொண்டால் ஐயம் தீரும். படைக்கலம், அணிகலம், இசைக்கலம் ஆகிய யாவும் இவ்விரிவில் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். கலப்பை என்னும் சொல் இன்று ஏரைக் குறிக்கும். சங்கப் பாடல்களில் அதே சொல், பாணரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளை இட்டுச் சுமந்த பையைக் குறித்தது. அது கலம், பை என்னும் இரண்டும் சேர்ந்த சொல். ஏருக்கு அக்காலத்தில் நாஞ்சில் என்னும் பெயரே பெருவழக்கு. ஒலி ஒன்றாயிருப்பது கண்டு இரண்டு சொற்களுக்கும் உடனே உறவு முடித்துவிடலாகாது. அதுபோலவே கலம் வேறு, களம் வேறு. களம் என்பது நெல்லடிக்கும் இடமும் போர்க்களமும் ஆகும். களத்தில் அடித்த நெல் கலத்தால் அளக்கப்பட்டது. லகர ளகர வேறுபாட்டை மாணவர்க்குக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நெல்லை அளந்த கலம்

பானையில் கொண்டதை எண்ணத் தொடங்கியதும் பானை அளவாக மாறிற்று. முகத்தலளவைப் பெயர்கள் பலவும் இவ்வாறு பாத்திரங்களின் பெயர்களாக இருந்தவையே. அளவையும் நிறையும் குறிக்கும் பெயர்களுக்கு முதலெழுத்தாக க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகள் வரும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அளவுகளுக்கு இலக்கணத்திலேயே விதி செய்யும் அளவுக்கு அவை வாழ்வில் ஊன்றியிருந்தன.

இளைஞர் பலர் இன்று அறியாத வாய்பாட்டை இங்கே தருகிறேன். 2 ஆழாக்கு 1 உழக்கு; 2 உழக்கு 1 உரி; 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. இக்குறுணியே மரக்கால். 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம். ஆகவே 1 கலம் என்பது 12 மரக்கால், அதாவது 96 நாழி. ஊருக்கு ஊர் மரக்காலின் அளவு வேறுபட்டதால் கலத்தின் அளவும் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை படிப்படியாக வந்து, லிட்டரும் கிலோவும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் காவிரிக் கரையின் முதியோர் விளைச்சலைச் சொல்லும்போது மாவுக்கு இத்தனை கலம் என்று சொல்லும் வழக்கம் அதற்குப் பின்னும் நெடுநாள் நின்றது.

பொருநராற்றுப்படையின் இறுதியில் சோழநாட்டு வயல் வேலிக்கு ஆயிரம் விளைவதாகப் புகழப்படுகிறது. ஆயிரத்தைக் கலக் கணக்காகவே கொள்வர். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் 1014ஆம் ஆண்டளவில், கோயிற்பணிக்கெனக் குடியேற்றப்பட்ட 400 ஆடல்மகளிரின் பெயர்களை வரிசையாகத் தந்து, ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று விதிக்கின்றன. அந்நெல்லை அளக்க வேண்டிய மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே சூட்டப்பட்டிருந்தது.

அந்த நெல்லை விளைவித்தோர் அக்கல்வெட்டுகளில் எங்கே இருக்கின்றனர்? தேடினால் கிடைக்கின்றனர். கோயிலுக்கு நெல் அளக்கக் கடமைப்பட்ட ஊர்களின் நிலங்களைக் கணக்கிடும்போது, வரி இல்லாதவை எனக் கழிக்கப்படும் இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்னும் பெயரும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் கல்லில் ஏறிவிட்டது. கலம் பெற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. கலத்தை நிரப்பியவர்களோ, சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தின் பெயராக மட்டும் நின்றனர்.

கடலில் மிதந்த கலம்

பானை எவ்வாறு கப்பலாயிற்று? நீரை உள்ளே கொள்வது பானை; நீரை வெளியே நிறுத்திப் பொருளை உள்ளே கொள்வது படகு. இரண்டும் குடைந்தும் வனைந்தும் செய்யப்பட்ட கொள்கலங்களே. மரத்தைத் தோண்டிச் செய்ததால் தோணி என்பர். இப்பொருள் வளர்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரும் பாத்திரத்துக்கும் கப்பலுக்கும் வெசல் என்ற ஒரே சொல்லை வழங்குகின்றனர். கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் டன் என்னும் சொல்லும், முற்காலத்தில் திராட்சை மது நிரப்பிய பெரிய மரப்பீப்பாயின் பெயரே. அளவும் பாத்திரமும் கப்பலும் மனித அறிவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கின்றன.

சங்க இலக்கியத்தில் அம்பி, பஃறி, ஓடம், தோணி, திமில், வங்கம், நாவாய் எனக் கலங்களுக்குப் பெயர்கள் பல. பரணர் பாடிய புறநானூற்றின் 343ஆம் பாட்டில், முசிறியிலே பெருங்கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. பட்டினப்பாலையோ உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த பஃறிகளைக் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டியிருந்த காட்சியைக் காட்டுகிறது. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. உழவும் கடலும் இருவேறு உலகங்கள் அல்ல. களத்தில் கலத்தால் அளந்த நெல்லே நீரில் கலமேறிச் சென்றது.

கலங்கரை விளக்கம் என்னும் அழகிய தொடரும் இதனால் வந்ததே. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோம் அன்றோ? இருளில் திசை தெரியாமல் வரும் கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு அது. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் அனுப்பிய கப்பற்படையையும் அவனுடைய மெய்க்கீர்த்தி கலம் என்னும் சொல்லாலேயே குறிக்கிறது.

பானையும் கப்பலும் ஒரே கதையில் சந்திக்கும் இடம் ஒன்று மணிமேகலைக் காப்பியத்தில் உண்டு. பிறப்பைக் காட்டி ஊராரால் இழித்துத் துரத்தப்பட்ட ஆபுத்திரன், மதுரையில் பிச்சையேற்றுக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு வாழ்கிறான். சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். பின்னர்ச் சாவகநாட்டில் பஞ்சம் என்று கேட்டு அவன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது, அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவில் போய்விடுகிறது. கையிலே எல்லோருக்கும் சோறிடும் கலம். எதிரிலே உண்பதற்கு ஓர் உயிரும் இல்லாத தீவு. அப்பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். பிறருக்குக் கொடுக்க இயலாத உணவு தனக்கும் வேண்டாம் என்னும் அறம் அது.

காந்தளூர்ச் சாலையின் கலம்

ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு வரலாறே மாறிவிடும் என்பதற்கு இராசராசனின் மெய்க்கீர்த்தி சான்று. காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தவன் என்பது அவனுடைய முதற்பெரும் வெற்றியாகச் சொல்லப்படுகிறது. தொடக்கக் கால ஆராய்ச்சியாளர், கலம் என்பதைக் கப்பல் என்று கொண்டு, சேரநாட்டுக் கரையில் நின்ற கப்பல்களை அவன் அழித்தான் என்று எழுதினர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களோ, சாலை என்பது ஊட்டும் சாலை, அங்கே கலம் என்பது உண்கலம் என்று வாதிட்டார். கப்பற்போர் என்று நினைத்தது, ஒரு கல்விச்சாலையின் சோற்றுக் கணக்காக மாறிவிட்டது.

அவ்வாறு கருத வலுவான சான்று உண்டு. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே ஒரு சாலையை நிறுவினான். அதன் செப்பேடு, அங்கே கற்கும் 95 மாணாக்கர்க்கு இடம் ஒதுக்குகிறது. வேதப் பிரிவுகள் மூன்றுக்கும் முறையே 45, 36, 14 எனப் பகுக்கும்போது, அவ்விடங்களைக் கலம் என்ற சொல்லாலேயே எண்ணுகிறது. கல்விச்சாலையில் உணவோடு கூடிய ஓர் இருக்கைக்குக் கலம் என்று பெயர்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். கலம் என்றால் பள்ளியில் ஓர் இடம். 95 கலம். அவை அனைத்தும் வேதம் ஓதும் பிரிவினர்க்கே. அச்சாலைக்கு நெல் விளைந்த வயல்களில் இறங்கி உழுதவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கலமும் இல்லை. இதைச் சினத்தோடு சொல்லவில்லை. செப்பேட்டின் கணக்கைத்தான் சொல்கிறேன். கணக்கு சில வேளைகளில் சினத்தைவிட உரத்துப் பேசும்.

களத்தில் நடந்த வழக்கு

நெற்கலத்துக்குத் திரும்புவோம். அறுவடைக் களத்தில் அளப்பவன் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித் தொடங்குவான். அந்த லாபம் யாருக்கு என்பதே நூற்றாண்டுகளாக நடந்த வழக்கு. கூம்பாக நிரப்பி அளந்தால் ஒரு கணக்கு. தலைதட்டி அளந்தால் வேறு கணக்கு. மரக்கால் யார் கையில் இருக்கிறதோ, நீதியும் அவர் கையில் இருந்தது. ஊர்ப்பணி செய்தோர் களத்தில் பெற்ற சிறு நெற்பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர் வழங்கிற்று. விடுதலை என்று இன்று பொருள்படும் சொல், நம் முன்னோருக்குக் களத்துமேட்டில் கையேந்திப் பெறும் நெல்லாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்கும் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஏற்பு 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் நீங்கிற்று. ஆனால் பண்ணையாள் முறை நீங்கவில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலியோர் அமைத்த விவசாயிகள் சங்கம் அம்மக்களைத் திரட்டியது. சேரிகளிலிருந்தே தலைவர்கள் எழுந்தனர். களப்பால் குப்பு அவர்களுள் ஒருவர். 1944ஆம் ஆண்டில் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அக்கொடுந்தண்டனைகளை நிறுத்தியது. பண்ணையாளை நினைத்தபோது நீக்குவதைத் தடுக்க 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இவ்வளவுக்குப் பின்னும், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு அது விலை என்று அப்பகுதி மக்கள் இன்றும் சொல்வர். ஒரு கலத்தில் 96 படி. அரைப்படி என்பது அக்கலத்தின் 192இல் ஒரு பங்கு. வாய்பாட்டை மனப்பாடம் செய்யுமாறு மாணவரை நான் வற்புறுத்துவது ஏன் என்று இப்போது விளங்கும். அளவு அறியாதவனை அளப்பவன் ஏமாற்றுவான். அளவு அறிந்து கேட்டவனையோ அவர்கள் அஞ்சினர். அடுத்த ஆண்டு, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

கலமேறிப் போனவர்கள்

நெற்கலம் நிரம்பாதபோது நம் முன்னோர் கடற்கலம் ஏறினர். 1834இல் மொரீசியசுக்குத் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை, தமிழகத்திலிருந்து பல்லாயிரவரைக் கொண்டு சென்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், 342 பேருடன் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து மலேயாவுக்கும், பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கைக்கும் நம் மக்கள் போயினர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் இப்பெருக்கை மேலும் தள்ளியது. போனவருள் நிலமற்ற நம் மக்கள் பெரும் பகுதியினர். கப்பல் பதிவேடுகளில் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியும் எழுதப்பட்டது. கடல் தாண்டியும் அது கூடவே வந்தது.

ஆயினும் கப்பலில் ஒன்று நேர்ந்தது. சாதிக்கொரு அடுப்பு மூட்ட அங்கே இடமில்லை. ஒரே கொப்பரையில் ஆக்கிய சோற்றை எல்லோரும் உண்ண வேண்டியதாயிற்று. வடபுலத்திலிருந்து போனவர், உடன் கப்பலில் வந்தவனை ஜகாஜி பாய், அதாவது கப்பல் உடன்பிறந்தான், என்று ஆயுள் முழுவதும் உறவு கொண்டாடினர். கடற்கலம் உண்கலத்தைப் பொதுவாக்கிற்று. இதைக் கொண்டு அவ்வாழ்வை இனிமையானது என்று கருதிவிடலாகாது. ஐந்தாண்டு ஒப்பந்தம், வேலைக்கு வராதவனுக்குச் சிறை, கப்பலிலும் தோட்டத்திலும் நோயும் சாவும் என்பதே அதன் மறுபக்கம். ஒப்பந்த முறைக்கு ஆள்சேர்ப்பு 1917இல் நிறுத்தப்பட்டது. கடல்வழிப் போக்குவரவு நின்றுவிடவில்லை. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலில் போய்வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே உளர்.

கலமேறியோர் எல்லோரும் கூலிகளாகவே இருந்துவிடவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பினார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கப்பலேறி நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இருவரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் பேராளர்களாக அமர்ந்தனர்.

பொதுக்கலம்

இனி, முதலில் கண்ட மண்கலத்துக்கே வருவோம். தீண்டாமை என்பது நடைமுறையில் பெரும்பாலும் கலத்தைப் பற்றிய விதிகளே. எந்தக் கிணற்றில் யாருடைய குடம் இறங்கலாம். எந்தக் கடையில் யாருக்கு எந்தக் குவளை. யாருக்குச் சிரட்டை, யாருக்குக் கண்ணாடி. இதனால்தான் நம் உரிமைப் போராட்டங்களும் கலத்தைச் சுற்றியே நடந்தன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியவை என்று அரசாணை பிறந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத்து நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரைக் கையால் அள்ளிப் பருகினார்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் வழிவந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. உணவுக்கடைகளில் பொதுமக்களுக்கென வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லியே கூறுகிறது. ஒரு நாட்டின் சட்டத்தில் தேநீர்க்குவளையைப் பற்றி எழுதவேண்டிய நிலை ஏன் வந்தது என்று எண்ணிப் பார்த்தால், நாம் கடந்து வந்த வழி புலப்படும்.

கடந்தாகிவிட்டதா? 2018இல் திருப்பூர் மாவட்டத்தின் அரசுப்பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த பெண்மணி நம் இனத்தவர் என்பதற்காக எதிர்ப்பு எழுந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டி நீரில் மலம் கலந்திருந்தது வெளிப்பட்டது. நீர் தூயதுதான், கலத்தில் தீமை சேர்க்கப்பட்டது. வள்ளுவர் சொன்ன திரிந்த பால் நம் காலத்திலும் இருக்கிறது.

எனினும் மறுபுறமும் காணவேண்டும். 1956இல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் நம் குழந்தைகளின் கையில் தட்டைத் தந்தன. அத்தட்டோடு பள்ளியில் ஓர் இடத்தையும் தந்தன. பசியால் பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள், வகுப்பில் இருந்து எழுதக் கற்றதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். பார்த்திவசேகரபுரத்தில் 95 பேருக்கு மட்டும் இருந்த கலம், ஊர்தோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. உணவோடு கூடிய கல்வியிருக்கை என்னும் பழம்பொருள், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஒரு சொல்லின் பின்னே சென்றதில் குயவனையும் உழவனையும் மாலுமியையும் மாணாக்கனையும் கண்டோம். ஒவ்வோர் இடத்திலும் கலம் செய்தவரும் நிரப்பியவரும் செலுத்தியவரும் ஒருபுறமும், கலத்தை உடைமையாகக் கொண்டவர் மறுபுறமுமாக நின்றதைக் கண்டோம். பொருள் மாறலாம்; இந்தக் கேள்வி மாறுவதில்லை. கலம் யாருடையது?

எனவே இளைஞர்கள் இரண்டு பணிகளை மேற்கொள்ளல் வேண்டும். முதலாவது, தத்தம் ஊரில் எண்பது வயது கடந்த பெரியோரிடம் அமர்ந்து, அவ்வூரில் வழங்கிய மரக்காலுக்கு எத்தனை படி, அறுவடையில் கலத்துக்குக் கூலி எவ்வளவு, பாட்டன் எந்தக் கப்பலில் எந்தத் துறையிலிருந்து போனார் என்று கேட்டு, நாளும் பெயரும் குறித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பீர்களாக. அவர்கள் போய்விட்டால் அச்செப்பேட்டைப் படிக்க ஆளிராது. இரண்டாவது, ஒவ்வோர் ஆண்டும் சூன் திங்களில் நம் தெருவில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர், சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவீர்களாக. இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையாயின், குறைந்த பிள்ளையின் வீட்டு வாயிலுக்கு அன்றே செல்வீர்களாக. களத்தில் நம் முன்னோருக்கு அளக்கும் உரிமை இல்லை. பள்ளியில் நம் கலங்களை நாமே எண்ணிக்கொள்ளும் உரிமை இன்று நமக்கு உண்டு.